ஒரே முன்கண்ணாடி

தமிழில் வழித்துணை என்று ஒரு சொல் இருக்கிறது, பேச்சுத்துணை என்று இன்னொரு சொல் இருக்கிறது. முதலாவது பயத்தில் பிறந்தது. வேலூரிலிருந்து பெங்களூர் போகும் வழியில் விரிஞ்சிபுரத்துச் சிவனுக்கு வழித்துணைநாதர் என்றே பெயர். மிளகு மூட்டையோடு போன வணிகன் ஒருவனுக்குக் கள்வர் பயம் தீரக் காவலாக வந்தவர் என்கிறது தலபுராணம். இரவில் ஊர்விட்டு ஊர் போகிறவனுக்கு அன்று வேண்டியிருந்தது ஆயுதம் ஏந்திய ஆள். பேச்சுத்துணைக்கு வாய் இருந்தால் போதும்; அது சலிப்பில் பிறந்த சொல். கார் வந்து வழிப்பயத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. சலிப்பைத் தீர்க்கவில்லை, கூட்டியது. கால் நீட்ட வழியில்லாமல், எழுந்து நடக்க வழியில்லாமல், எட்டு மணி பத்து மணி நேரம் ஒரு தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதில் என்ன சுகம் இருக்க முடியும்? ஆனாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம், சின்ன வயதில் சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ காரில் போனதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். எந்தக் கல்யாணத்துக்குப் போனார்கள் என்பது மறந்திருக்கும். டயர் பஞ்சரான இடம் மறந்திருக்காது. ஏன் இப்படி என்று கேட்டால், 'கூட வந்தவங்க அப்படி' என்பார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. அதே சித்தப்பாவும் அத்தையும் மாமாவும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது அவ்வளவு இனித்ததாக யாரும் சொல்வதில்லையே. காரில் ஏறும்போதும் அவர்கள் அதே ஆட்கள்தான். தாம்பரம் தாண்டிய பிறகுதான் வேறு ஆட்களாகிறார்கள். அந்த மாற்றத்தைச் செய்வது, எல்லோருக்கும் பொதுவாக முன்னால் இருக்கும் ஒரே கண்ணாடி என்பது என் கட்சி.

அம்பாசடரிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியில் செய்யத் தொடங்கி 2014 வரை செய்த வண்டி அது. பழைய அம்பாசடரில் கியர், ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தது. அதனால் முன்சீட்டு இரண்டாகப் பிரியாமல் திண்ணைபோல ஒரே நீளமாக இருக்கும். ஓட்டுநருக்கு இடப்பக்கம் இரண்டு பேர், அதில் ஒருவர் மடியில் ஒரு குழந்தை. பின்னால் நாலு பெரியவர்கள், ஒருவர் முன்னே நகர்ந்தும் ஒருவர் பின்னே சாய்ந்துமாக. அவர்களுடைய முழங்கால்களுக்கு நடுவில், முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடி இரண்டு பிள்ளைகள். (இன்று யாரும் இப்படி ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, பெல்ட் இல்லாமல் பிள்ளைகளை நிற்க வைத்துக்கொண்டு போனது தைரியமல்ல, தெரியாத்தனம்.) ஆனால் அந்த நெரிசல் ஒரு காரியம் செய்தது. வண்டிக்குள் யாருக்கும் தனியிடம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. ஒருவர் தும்மினால் பத்துப் பேருக்கும் குலுங்கும். ஒருவர் சிரித்தால் என்னவென்று கேட்காமல் இருக்க முடியாது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது முன்சீட்டு இரண்டு தனித்தனி நாற்காலிகளாயிற்று. 1994இல் டாடா சுமோ வந்தபோது பின்கோடியில் எதிரெதிராக இரண்டு பலகைகள் கிடைத்தன. அங்கே உட்கார்ந்த பிள்ளைகளுக்கு முன்கண்ணாடி தெரியாது, ஓடி மறையும் சாலைதான் தெரியும். அதனால் முன்னால் இருப்பவர் 'மயிலு, மயிலு' என்று கத்தியதும் அவர்கள் தயாராகிவிடுவார்கள். இரண்டு நொடி கழித்து அந்த மயில் அவர்களுடைய கண்ணாடிக்கு வந்து சேரும். வண்டி எதுவானாலும் ஒருவர் கண்டது எல்லோருக்கும் உரியது என்ற சட்டம் மாறவில்லை.

ஜி.எஸ்.டி. ரோடு என்று சென்னைவாசிகள் சொல்லும் பெருஞ்சாலையில், அன்று 45 என்ற எண்ணால் அறியப்பட்ட தேசிய நெடுஞ்சாலையில், பார்ப்பதற்கு அப்படியொன்றும் அதிசயங்கள் கிடையாது. இரண்டு பக்கமும் புளியமரங்கள், அவற்றின் அடியில் வெள்ளை கறுப்புப் பட்டை, பட்டைக்கு மேல் நெடுஞ்சாலைத்துறை எழுதிய எண். மஞ்சள் தொப்பி போட்ட கிலோமீட்டர் கற்கள். கிலோமீட்டர் வந்து எத்தனையோ வருஷமாகியும் நாம் அவற்றை மைல்கல் என்றுதான் சொல்கிறோம். மதுராந்தகத்தில் ஏரிக்கரை. ஏரியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது வண்டியில் உள்ள எல்லோருக்கும் கடமை. இருந்தால் ஒரு பேச்சு, இல்லாவிட்டால் அதைவிட நீண்ட பேச்சு. திருச்சியில் கொள்ளிடப் பாலம், அடுத்துக் காவிரி, தூரத்தில் மலைக்கோட்டை. அங்கிருந்து மதுரைச் சாலைக்குத் திரும்பினால் விராலிமலையில் மயில். மேலூர் தாண்டியதும் யானைமலை. இத்தனை பெரிய மலையை முதலில் பார்த்தவர் யார் என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை, அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியும். ஆனாலும் சண்டை நடக்கும். கார்ப் பயணத்தின் தாய்மொழி இரண்டே சொல்லில் அடங்கிவிடும்: 'அங்க பாரு.' இந்த இரண்டு சொல்லைச் சொல்ல ஒருவருக்கு எந்தத் திறமையும் வேண்டியதில்லை. பேசத் தெரியாதவர், கூச்சக்காரர், மாப்பிள்ளை வீட்டிலிருந்து புதிதாக வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பவர், எல்லோரும் சொல்லலாம். வீட்டுக் கூடத்தில் பேச்சைத் தொடங்க ஒருவருக்கு விஷயம் வேண்டும். காரில் விஷயத்தைச் சாலை கொடுக்கிறது, நிமிடத்துக்கு ஒன்றாக, இலவசமாக.

சாலை கொடுத்ததை வைத்து மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வண்டி எண் விளையாட்டைச் சொல்லலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது மாநில எழுத்தும் வட்டார எண்ணும் சேர்ந்த பலகைகள் வந்தன. சட்டம் எழுதியவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. எதிரே வரும் வண்டியின் எண்ணைப் படித்து ஊரைச் சொல்ல வேண்டும். 59 என்றால் மதுரை, 72 திருநெல்வேலி, 74 நாகர்கோவில். 43 ஊட்டி; பெரம்பலூர் வெயிலில் ஒரு 43ஐக் கண்டுபிடித்தவனுக்கு அன்றைய மரியாதையே வேறு. 28 நாமக்கல், லாரிகளில் அது அவ்வளவு மலிவு என்பதால் அதற்கு மதிப்பெண் கிடையாது என்று ஒப்பந்தம். 34 திருச்செங்கோடு, அதுவும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியாக இருந்தால் இரட்டை மதிப்பெண். அரசுப் பேருந்து எண்களில் 'என்' என்ற எழுத்து வரும், அரசுத் துறை ஜீப்புகளில் 'ஜி' வரும் என்பதெல்லாம் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்காத பொது அறிவு. பிள்ளைகள் விளையாட்டாகத் தொடங்கும் இது பத்தாவது நிமிடத்தில் பெரியவர்கள் கைக்குப் போய்விடும். 63 என்று ஒருவன் கத்துவான். அக்காளைச் சிவகங்கைக்குக் கட்டிக்கொடுத்த அம்மா சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். 'சிவகங்கை வண்டியா? நிறுத்திக் கேளுங்க, பெரியம்மா முட்டிவலி எப்படி இருக்குன்னு' என்பார் முன்சீட்டு மாமா. அவ்வளவுதான், முட்டிவலியிலிருந்து பெரியம்மா கல்யாணத்தில் பந்தியில் நடந்த தகராறு வரைக்கும் பேச்சு போகும், பிள்ளைகளுக்கு அதுவரை யாரும் சொல்லாத குடும்பக் கதை ஒன்று கிடைக்கும். வீட்டில் கேட்டிருந்தால் 'உனக்கெதுக்கு அது' என்று துரத்தியிருப்பார்கள். காரில் துரத்த இடமில்லை. தவிர, எல்லோருடைய முகமும் சாலையைப் பார்த்திருப்பதால் சொல்பவருக்குக் கேட்பவர் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடமும் இல்லை. நம் வீடுகளில் அப்பாவும் மகனும் மனம்விட்டுப் பேசிய தருணங்களைக் கணக்கெடுத்தால், கணிசமானவை இருவரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த தருணங்களாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாட்டும் அப்படித்தான். ஒரு பக்கத்துக்கு அரை மணி ஓடும் கேசட், கொஞ்சம் வசதியிருந்தால் முக்கால் மணி. வண்டியில் இருப்பது ஒரே டேப், அதில் போடுவது ஒரே கேசட். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எல்லோரும் அதையே கேட்க வேண்டும். பெரும்பாலும் அது ஓட்டுநருடைய கேசட்டாக இருக்கும். கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய இளையராஜா பாட்டுகள். மூன்றாவது முறை அதே பக்கம் ஓடும்போது பாட்டிக்குக்கூட இடையிசை மனப்பாடமாகியிருக்கும். நாடா சிக்கிக்கொண்டால் பேனாவை விட்டுச் சுற்றும் வேலை ஒரு பிள்ளைக்கு வரும், அதுவரைக்கும் வாய்ப்பாட்டு. வாய்ப்பாட்டு என்றால் கடைசியில் அந்தாட்சரியில்தான் போய் நிற்கும். இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' சன் தொலைக்காட்சிக்கும் வந்த காலத்தில் இது வீட்டுக்கு வீடு பரவியது. ஆனால் முடிந்த இடத்திலிருந்து அடுத்ததைத் தொடங்கும் வித்தை நமக்குப் புதிதல்ல. காரைக்கால் அம்மையார் பாடிய அந்தாதியே எத்தனை நூற்றாண்டுப் பழமை! இந்த விளையாட்டில் தமிழுக்கென்றே ஒரு தகராறு உண்டு. ண, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். ஒருவர் பாட்டை 'அவள்' என்று நிறுத்திவிட்டால் அடுத்தவர் ளகரத்துக்கு எங்கே போவார்? லகரமாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு கட்சி, முந்தின எழுத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு கட்சி. உளுந்தூர்ப்பேட்டையில் தொடங்கிய வழக்கு தொழுதூரிலும் தீராது. இலக்கண வகுப்பில் தூங்கியவர்கள் எல்லாம் இங்கே நன்னூல் ஆசிரியர்கள். பாட்டிக்குத் தெரிந்தது திருப்புகழும் பாகவதர் பாட்டும், பேரனுக்குத் தெரிந்தது போன மாதம் வந்த படம். இரண்டும் ஒரே சரட்டில் கோக்கப்படுகிற வேறு சபையை நான் அறியேன். வண்டிக்கு ஒரே டேப் இருந்தது வறுமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவருக்கொருவர் பாட்டைக் கடன் கொடுத்துக்கொண்டது அந்த வறுமையால்தான்.

இது வெறும் பழம்பேச்சு என்று தள்ளிவிடாமல் இருக்க இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். சிரிப்பைப் பற்றியே ஆராய்ந்த ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க அறிஞர், கடைத்தெருவிலும் கல்லூரி வளாகத்திலும் மனிதர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று ஒளிந்திருந்து கேட்டுக் குறித்துவைத்தார். சுமார் 1,200 சிரிப்புகள். அவற்றில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபதுதான் நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை. மற்றதெல்லாம் 'சரி, நான் வரேன்' போன்ற சப்பென்ற வாக்கியங்களுக்குப் பின் வந்த சிரிப்பு. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதர் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறார் என்பதும் அவர் கண்டது. காரில் ஏன் ஒன்றுமில்லாததற்கெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஜோக்கு சொல்லும் மாமா தேவையில்லை. 'அதே டீக்கடையா?' என்று ஒருவர் கேட்டால் போதும். இரண்டாவது ஆய்வு என் கட்சிக்கு இன்னும் நெருக்கமானது. 2008இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ட்ரூஸும் சகாக்களும், கார் ஓட்டுவதுபோன்ற பொறியில் ஆட்களை உட்கார வைத்து, சிலரைப் பக்கத்து சீட்டு நண்பரோடும் சிலரைக் கைப்பேசியில் இன்னொரு நண்பரோடும் பேசவிட்டார்கள். நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட ஓய்விடத்தில் வண்டியைத் திருப்ப வேண்டும் என்பது நிபந்தனை. கைப்பேசியில் பேசியவர்களில் நிறையப் பேர் திருப்பத்தைக் கோட்டைவிட்டார்கள். பக்கத்தில் ஆள் இருந்தவர்கள் பெரும்பாலும் தவறவிடவில்லை. ஏனென்றால் பக்கத்தில் இருந்தவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெரிசல் வந்தபோது பேச்சு நெரிசலைப் பற்றியதாக மாறியது, குறைந்தது. இரண்டும் நட்புதான், இரண்டும் பேச்சுதான். ஒருவருக்குச் சாலை தெரிந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே வித்தியாசம். ஒருவர் நல்ல துணையா இல்லையா என்பதை அவர் குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை, நாம் பார்ப்பதை அவரும் பார்க்கிறாரா என்பதும் தீர்மானிக்கிறது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையைத் தமிழர் எழுதினாரா என்ற சந்தேகம் வந்துவிடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி வாழையிலையில் கட்டிய இட்லி. இலை வாட்டமும் எண்ணெயும் சேர்ந்து, பிரிக்கும்போது ஒரு வாசனை வரும். ஓட்டல் இட்லிக்கு அந்த வாசனை கிடையாது. புளியோதரை, தயிர்சாதம், ஊறிய மாவடு. புளியமரத்து நிழலில் வண்டியை ஒதுக்கி, போர்வை விரித்து, கூஜாத் தண்ணீரில் கை கழுவி. வழியில் வாங்கித் தின்பது வேறு கணக்கு: நாலாகக் கீறி மிளகாய் உப்புத் தடவிய வெள்ளரிப்பிஞ்சு, பனையோலையில் நுங்கு, மதுரைக்குத் தெற்கே போனால் சாத்தூர் சேவு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய். இந்தப் பழக்கத்தின் வயதை அறிய பத்துப்பாட்டைத் திறக்கலாம். சிறுபாணாற்றுப்படையில் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். வழி சொல்லும் இடத்தில் தவறாமல் வருவது, எந்த ஊரில் என்ன சாப்பிடக் கிடைக்கும் என்பது: கடற்கரையில் கள்ளும் சுட்ட மீனும், வேட்டுவர் ஊரில் புளிச்சோறும் காட்டுப்பசுவின் இறைச்சியும், உழவர் ஊரில் வெள்ளைச் சோறும் நண்டும். போய்ச் சேர வேண்டிய நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய இடம்; நம் வண்டிகள் தினமும் டீக்கு நிற்கிற வட்டாரம். பாணன் தனியாகப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விறலியும் சுற்றமும் யாழும் கூடவே போகின்றன. கலைஞர்களை வழிப்படுத்தும் நான்கு ஆற்றுப்படைகளிலும் பயணம் என்பது கூட்டம்தான். தனியே நடந்து தன்னைத் தேடும் பயணி பிற்காலத்து இறக்குமதி.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு, இது கடந்தகால மயக்கம் என்பது. அந்தப் பழைய இருவழிச் சாலை எத்தனை உயிரைக் குடித்தது தெரியுமா, எதிரே வரும் லாரியின் விளக்கில் கண் கூசி எத்தனை குடும்பம் போயிற்று தெரியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நடுவே திட்டு வைத்த நான்குவழிச் சாலை வந்ததை நான் வரவேற்கிறேன். சென்னை மதுரைக்கு இடையிலான சுமார் 460 கிலோமீட்டருக்கு ஒரு பகல் முழுவதும் செலவழிந்த காலம் போய், காலைப் பலகாரத்துக்குப் பின் கிளம்பி மாலைக் காப்பிக்குப் போய்ச் சேர முடிவது நல்லதுதான். புளியமரங்கள் வெட்டப்பட்டது எனக்கு வருத்தம், ஆனால் வருத்தம் வாதமாகாது. நான் சொல்வது சாலையின் அகலத்தைப் பற்றியதே அல்ல. நான்குவழிச் சாலையிலும் முன்கண்ணாடி ஒன்றுதான். பார்க்கக் குறைந்துவிட்டது என்பது உண்மை: ஊர்களைப் புறவழிச்சாலை ஒதுக்கிவிட்டது, 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பின் சுங்கச்சாவடியில் வெள்ளரிப்பிஞ்சுக்காரி ஜன்னலுக்கு வருவதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. ஆனால் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை வைத்த கடைகளை எண்ணிக்கொண்டு போகலாமே. கும்பகோணத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்களில் அவை எத்தனை என்று பந்தயம் கட்டினால் செங்கல்பட்டிலிருந்து விழுப்புரம் வரை பொழுது போய்விடும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. யாருக்கு அது இன்பம் என்ற கேள்வி. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து எட்டுப் பேருக்கு இட்லி அவித்து இலையில் கட்டியவள் வண்டியில் ஏறும்போதே களைத்திருப்பாள். சாலையோரத்தில் ஆண்கள் எங்கு வேண்டுமானாலும் ஒதுங்கினார்கள். பெண்கள் கிளம்பும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். பத்து மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்த உடம்போடு அந்தாட்சரி பாடினார்கள். பயணத்தைப் பற்றிய நம் இனிய நினைவுகளை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்ய நான் தயாராக இல்லை. பெட்ரோல் நிலையங்களிலும் பெரிய உணவகங்களிலும் கழிப்பறை வந்தது, அவற்றில் சில சுத்தமாகவும் இருப்பது, கடந்த முப்பது வருஷத்தில் நெடுஞ்சாலைக்கு வந்த எல்லா வசதிகளிலும் பெரியது என்பேன், தார் போட்டதைவிட. ஆனால் இந்த மறுப்பு என் கட்சியை உடைக்கவில்லை, இறுக்குகிறது. பங்கிட்டதால் இன்பம் வந்தது என்றால், சுமையைப் பங்கிடாத இடத்தில் இன்பம் அரைகுறையாகத்தான் இருந்திருக்கும். அப்படித்தான் இருந்தது.

மூன்றாவது, கைப்பேசி. பிள்ளைகள் ஆளுக்கொரு திரையோடு அமைதியாக வருகிறார்கள், சண்டையில்லை, 'இன்னும் எவ்வளவு தூரம்' என்ற நச்சரிப்பில்லை, அதில் என்ன நஷ்டம் என்பார்கள் பெற்றோர். ஜன்னலோரச் சீட்டுக்காக நடந்த போர்களை நினைத்தால் அவர்கள் பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் உடம்பே இதற்கு எதிர்சாட்சி சொல்கிறது. காரில் வாந்தி வருவது, கண் ஒன்றையும் உட்காது இன்னொன்றையும் மூளைக்குச் சொல்வதால். கையிலுள்ள எழுத்து அசையாமல் நிற்கிறது என்கிறது கண். வளைவில் திரும்புகிறோம் என்கிறது காது. அதனால்தான் தலை குனிந்து படிக்கிற பிள்ளைக்குக் குமட்டுகிறது, 'முன்னால பாரு, தூரத்துல பாரு' என்று பாட்டி சொன்ன வைத்தியம் பலிக்கிறது. எலுமிச்சம்பழத்தை முகரச் சொன்னதும் செய்தித்தாள் மேல் உட்காரச் சொன்னதும் எவ்வளவு பலித்தன என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. முன்னால் பார்ப்பது பெரும்பாலும் பலிக்கும். காதில் ஒலிப்பான் மாட்டிய நால்வர் ஒரே காரில் போனால் அதை நாலு பயணங்கள் என்றுதான் எண்ண வேண்டும், பெட்ரோல் மட்டும் கூட்டு. சாதனத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அதே கைப்பேசியை வண்டியின் ஒலிபெருக்கியில் இணைத்து, ஆளுக்கொரு பாட்டு முறைவைத்துப் போட்டால் பழைய கேசட்டைவிட நன்றாகவே இருக்கும், பேனா விட்டுச் சுற்றும் வேலையுமில்லை. பிடிக்காத பாட்டு முடியும்வரை பொறுத்திருப்பதும் முறையில் அடங்கும்.

கூட வருகிறவர் சகிக்க முடியாதவராக இருந்தால்? அப்படியும் ஆட்கள் உண்டு, மறுக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து தன் சர்க்கரை அளவையே பேசிக்கொண்டு வருபவர், ஓட்டுநருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர், அரசியலை எடுத்தால் விடாதவர். பேச்சே வேண்டாம் என்று ஜன்னலில் தலைசாய்த்துக்கொள்ள விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை அந்தாட்சரிக்கு இழுப்பது கொடுமை. ஆனால் துணை என்பதை ஓயாத பேச்சு என்று நான் சொல்லவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பின் துவரங்குறிச்சி வெயிலில் வண்டியே மௌனமாகிவிடும். ஒருவர் தலை இன்னொருவர் தோளில் விழுந்திருக்கும், எச்சில் ஒழுகும், யாரும் நகர மாட்டார்கள். வம்பளக்கிறவரும் கொட்டாம்பட்டி தாண்டுவதற்குள் அடங்கிவிடுவார், ஏனென்றால் கேட்பவர்கள் கண் சாலையில் இருக்கிறது, சாலை அவரைவிடச் சுவாரஸ்யமானது. சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரிக்கரை நெடுகப் போய், இருவரும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971இல் வந்தது. இரண்டு எழுத்தாளர்கள், அதுவும் தனித்தனிப் பாணி உள்ளவர்கள், ஒரே புத்தகத்தை எழுதி முடித்தும் நண்பர்களாக இருந்தார்கள் என்றால், அந்தப் புண்ணியத்தில் கொஞ்சம் ஆற்றுக்குப் போக வேண்டும். இருவருக்கும் பார்க்க அது ஒன்று இருந்தது.

பாக்கியிருப்பவர் ஓட்டுநர். முன்கண்ணாடியை அதிகம் பார்த்தவர் அவர்தான். எந்த ஊரில் எந்த டீக்கடை, எந்த வளைவில் விபத்து, எந்தக் கோயிலில் சூறைத்தேங்காய் உடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்தாட்சரியில் தோற்கும் கட்சிக்கு அடியெடுத்துக் கொடுப்பவரும் அவரே. ராத்திரி எல்லோரும் தூங்கிய பின் முன்சீட்டில் ஒருவர் மட்டும் விழித்திருந்து 'அப்புறம் சொல்லுங்கண்ணே' என்று கேட்டுக்கொண்டு வருவது மரியாதைக்காக மட்டுமல்ல. அவர் கண் சொக்கினால் எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. அப்படிப்பட்ட ஆளைத்தான் சாப்பாட்டு நேரத்தில், பேட்டாக் காசைக் கையில் கொடுத்து, 'நீங்க அந்தப் பக்கம் சாப்பிட்டு வந்துடுங்க' என்று தனியே அனுப்பினோம், இன்னமும் அனுப்புகிறோம். நாள் முழுக்க ஒரே கண்ணாடியைப் பார்த்து வந்தவர்கள் இலை போடும்போது மட்டும் இரண்டாகப் பிரிந்தோம். அடுத்த முறை வண்டி விக்கிரவாண்டியில் நிற்கும்போது உங்கள் மேசையிலேயே அவருக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போடுங்கள். அங்கிருந்து மதுரை வரைக்கும் அவரிடம் கதை இருக்கிறது.